கயிறு அறுந்தால் யார் குற்றம்?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பொழுது விடிந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. தென்னை போயிற்று, கூரை போயிற்று, விளக்கும் போயிற்று. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்டார்கள். கூலி வேலையும் இல்லாத அந்த நாட்களில் ஊரார் வீட்டுக்கு வீடு வசூல் செய்து குடிதண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது.

விழுந்த கம்பங்களைத் திரும்ப நிறுத்தியவர்கள் யார் என்று காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள நமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்சாரத் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். கேரளத்திலிருந்தும் வந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் படுத்தார்கள். ஊர் மக்கள் தங்களுக்கே இல்லாத நேரத்தில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். சம்பா நட்ட வயலில் லாரி இறங்காது, கிரேனும் இறங்காது. ஆகவே கான்கிரீட் கம்பத்தை மனிதர்கள் தோளில் தூக்கினார்கள். முழங்கால் சேற்றில் வரிசையாக நடந்துபோன அந்தக் காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. மேலிடத்தில் இருந்தவர்கள் தியாகம் என்று புகழ்ந்தார்கள்.

நாமும் புகழ்ந்தோம். புகழத்தக்க வேலைதான் அது. ஆனால் அந்த மீட்பு வேலையில் மின் ஊழியர்கள் உயிர் இழந்தார்கள் என்பதையும், கை கால் முறிந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு என்பதையும் புகழ்ச்சிக்கு நடுவே நாடு சீக்கிரம் மறந்துவிட்டது. புயல் கொன்றவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. புயல் போன பிறகு, அறுந்த கயிறும் தேய்ந்த கொக்கியும் எர்த் செய்யப்படாத கம்பியும் கொன்றவர்களை யார் கணக்கில் எழுதுவது? விதியின் கணக்கிலா? அல்லது, நமது அதிகாரிகளுக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று இருக்கிறதே, அந்த 'அஜாக்கிரதை'யின் கணக்கிலா?

மின்கம்பி அமைக்கும் வேலையில் கருவி கெடுவது அதிசயமல்ல. எந்த வேலையிலும் கருவி கெடும். கோவையில் ரிங் பிரேம் ஓட்டும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேரிங் தேயும், பெல்ட் அறும், மோட்டார் புகையும். கேள்வி வேறு. கருவி கெட்ட அந்த நிமிஷத்தில் 'நிறுத்து' என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? நிறுத்தியதால் வரும் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் இல்லாத இடத்தில்தான் ஆள் சாகிறான்.

ஒரு கம்பத்தின் கதை

ஒரே ஒரு கம்பம் நிற்பதை எடுத்துக்கொள்வோம். எட்டு மீட்டர் கான்கிரீட் கம்பம் கால் டன் அளவுக்கு எடை உள்ளது. அதன் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது தொழிலின் கணக்கு. குழி தோண்டி, அடிப்பக்கத்தைக் குழிவாயில் வைத்து, தலைப்பக்கத்தைக் கயிறு கட்டிக் கப்பி வைத்து இழுத்து நிமிர்த்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துச் சரிவைத் தடுக்கிறார்கள். கம்பம் பாதி எழும்பியிருக்கும் நேரந்தான் மிகக் கெட்ட நேரம். படுத்த கம்பம் யாரையும் ஒன்றும் செய்யாது. நட்டு மண் இறுக்கிய கம்பமும் ஒன்றும் செய்யாது. பாதியில் நிற்கும் கம்பத்துக்கு மட்டும் கயிற்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

அந்தக் கயிறு எப்படிப்பட்டது? நான்கு நாள் மழையில் நனைந்தது. சேற்றில் புரண்டது. லாரியின் கூர் விளிம்பில் உராய்ந்து புரி பிரிந்தது. சங்கிலிக் கப்பி இருந்தால் அதன் கொக்கி வாய் விரிந்திருக்கும், பல்லைத் தாங்கும் நாக்கு தேய்ந்திருக்கும். இவ்வளவு எடைதான் தாங்கும் என்று எழுதிய தகடு எப்போதோ விழுந்துபோயிருக்கும். இதெல்லாம் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். கையில் பிடித்த உடனே தெரியும். ஆனால் 'வேறு கயிறு கொண்டுவா' என்று சொன்னால் கண்டிராக்டரின் மேஸ்திரி என்ன சொல்வார் என்பதும் அவனுக்குத் தெரியும். நாளை வேறு ஆள் வருவான்.

கிரேன் வந்த இடங்களிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் யந்திரம் அது. கம்பத்தைத் தூக்கி நிற்கும்போது எண்ணெய்க் குழாய் வெடித்தால் கை தானாக இறங்கத் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியது என்ன? கீழே நிற்கும் எல்லோரும் உடனே விலக வேண்டும். சுமை தானே இறங்கித் தரையிலோ முன்கூட்டியே அடுக்கி வைத்த கட்டையிலோ உட்கார வேண்டும். தோள் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் ஓடக் கூடாது. எண்ணெய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் கையே போய்விடும். இதை எழுதிப் படமாக வரைந்து ஒவ்வொரு கிரேனிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? கம்பத்தைத் தாங்கிப் பிடிக்க ஓடுகிறவன் வீரன்தான். ஆனால் அந்த வீரத்தை அவனிடம் எதிர்பார்க்கிற நிர்வாகம் குற்றவாளி.

பழைய கம்பமும் எமன்தான். புயலில் நின்றுகொண்டிருக்கும் கம்பமெல்லாம் நல்ல கம்பம் என்று நினைப்பது தவறு. மண்ணுக்குள்ளே வெடித்திருக்கும். இருபக்கமும் இழுக்கும் கம்பிகளின் பலத்தால் மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஏறியவன் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றினால் மறுபக்கக் கம்பி கம்பத்தோடு அவனையும் இழுத்துச் சாய்த்துவிடும். இடுப்பு பெல்ட் கட்டியிருந்தால் பிரயோஜனம் இல்லை. அது அவனைச் சாகிற கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிறது. ஆகவே முதலில் கம்பத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், அடிமண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும், தற்காலிக ஸ்டே கட்டிய பிறகே ஏற வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். 'ஒரு நாளைக்கு இத்தனை கம்பம்' என்று மேலிருந்து கணக்கு வரும்போது, முதலில் வெட்டப்படுவது இந்த அரை மணி நேரந்தான்.

செத்த கம்பி உயிர் பெறும் விதம்

கம்பம் நின்றுவிட்டது, கம்பி இழுத்தாயிற்று. துணை மின்நிலையத்தில் லைனை நிறுத்தியிருக்கிறார்கள். 'லைன் கிளியர்' எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊரே இருட்டில் கிடக்கிறது. இனி என்ன ஆபத்து என்று தோன்றும். இங்கேதான் மிகப் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதில் நமது வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு.

டிரான்ஸ்பார்மர் என்பது 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் ஏற்ற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் சாதனம் என்று நமக்குத் தெரியும். அது திரும்பியும் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. இருட்டிய ஊரில் ஒருவர் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வீட்டு வயரிங்கில் நேராகச் சேர்க்கிறார். மெயின் சுவிட்சை இறக்க மறக்கிறார். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போய், குறைவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, மேல் கம்பியில் உட்காருகிறது. இரண்டு மைலுக்கு அப்பால், செத்த லைன் என்று நம்பி ஒரு தொழிலாளி கை வைக்கிறான்.

ஜெனரேட்டர் போட்டவர் கெட்டவர் அல்ல. தண்ணீருக்காகப் போட்டவர். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் இங்கே சொல்கிறோம்: மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஜெனரேட்டரைச் சேர்க்காதீர்கள். ஊருக்குப் பொதுவாக ஜெனரேட்டர் வருகிறதென்றால் சேஞ்ச்-ஓவர் சுவிட்சு போட்ட பிறகே ஓட்டச் சொல்லுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் மழைக்காலத்துக்கு முன்பே தண்டோரா போட்டாவது இதை ஊரில் சொல்ல வேண்டும்.

மேலே ஏறுகிறவனுக்கு ஒரே பாதுகாப்பு எர்த் ராடு. நிறுத்திய லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்த்துவிட்டு, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பிகளை மண்ணோடு இணைக்க வேண்டும். முதலில் மண் முனையைக் கட்டிவிட்டுப் பிறகுதான் கம்பி முனையை மாட்ட வேண்டும். கழற்றும்போது கம்பி முனை முதலில், மண் முனை கடைசியில். எந்தத் திசையிலிருந்து மின்சாரம் திருட்டுத்தனமாக வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான். ஒரு குழு வேலை செய்ய இரண்டு ஜோடி ராடுகளாவது வேண்டும். ஒரே நாளில் குழுக்களின் எண்ணிக்கை பத்து மடங்கு ஆகிறபோது ராடுகளும் பத்து மடங்கு ஆகவேண்டாமா? ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்புவது எளிது. ராடு, கையுறை, பெல்ட், கயிறு இவையெல்லாம் கிடங்கில் இருந்தால்தானே அனுப்ப முடியும்!

அவசரத்தின் விலை

'மக்கள் இருட்டில் கிடக்கிறார்கள். சட்டம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை' என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பத்து நாள், இருபது நாள் இருட்டில் இருந்த விவசாயத் தொழிலாளியின் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவு எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். மறியல் நடந்தது நியாயம். ஆனால் அந்த ஆத்திரம் சில இடங்களில் கம்பத்தின் கீழே நின்ற லயன்மேன் மீது திரும்பியது. அவனும் நம்மைப் போலக் கூலிக்காரன். அவன் ஊரில் அவன் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். அவனைப் பிடித்துத் தள்ளியதால் ஒரு கம்பமும் சீக்கிரம் நிற்கவில்லை. இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை. நம்மவர்களே சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

அவசரம் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறதா என்று பார்ப்போம். தண்ணீரில் விழுந்து கிடந்த டிரான்ஸ்பார்மரை எடுத்துத் துடைத்து மேடையில் ஏற்றி உடனே மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? உள்ளே எண்ணெயில் ஈரம் இறங்கியிருக்கும். எண்ணெய்தான் அதன் காப்பு. மாதிரி எடுத்து, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முனைகளை வைத்து, 30,000 வோல்ட்டாவது தாங்குகிறதா என்று பார்ப்பது தொழிலில் உள்ள சோதனை. சுருளின் காப்பைப் பார்க்க மெக்கர் இருக்கிறது. கையால் சுற்றுகிற ஒரு சின்னப் பெட்டி. இந்தச் சோதனைகளைத் தாண்டிச் சுவிட்சைப் போட்டால், அதிர்ஷ்டம் இருந்தால் விளக்கு எரியும். இல்லாவிட்டால் சுருள் வெடித்து, பழுது பார்க்கக்கூடியதாக இருந்த டிரான்ஸ்பார்மர் பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஒரு நாள் காத்திருக்க முடியாது என்று சொன்ன ஊர், புது டிரான்ஸ்பார்மர் வரும் வரை இன்னும் பத்து நாள் காத்திருக்கும். நஷ்டம் வாரியத்துக்கு, இருட்டு மக்களுக்கு, பக்கத்தில் நின்றவனுக்குக் கொதிக்கும் எண்ணெய்.

கம்பங்களின் விஷயமும் அப்படித்தான். கான்கிரீட் தன் முழு வலுவை அடைய 28 நாட்கள் என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். சிமெண்டு எந்த மந்திரியின் உத்தரவுக்கும் பணிந்து சீக்கிரம் இறுகாது. புயலுக்குப் பிறகு வார்க்கத் தொடங்கிய கம்பம் காய்வதற்குள் லாரியில் ஏறினால், வழியிலேயே விரியும். நட்ட பிறகு இழுவையில் ஒடியும். ஆகவே கம்பம் புயலுக்கு முன்பே கையிருப்பில் இருக்க வேண்டும்.

புயல் நமக்குப் புதிதா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1977 நவம்பரில் நாகையைத் தாக்கிய புயல், 2011 டிசம்பர் 30-இல் கடலூரைச் சூறையாடிய தானே, 2016 டிசம்பர் 12-இல் சென்னையைப் புரட்டிய வர்தா, அதன் பிறகு கஜா. கிட்டத்தட்ட எல்லாமே நவம்பர், டிசம்பர் மாதங்கள். கடல் இவ்வளவு ஒழுங்காக முன்னறிவிப்பு கொடுத்து வருகிறபோது, ஒவ்வொரு முறையும் கயிறும் கம்பமும் எதிர்பாராத விதமாகப் பற்றாக்குறையாவது எப்படி? கடலூர் போன்ற கடற்கரை நகரங்களில் கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கும் வேலை எடுக்கப்பட்டது நல்லதே. ஆனால் நகரத்துக்கு மண்ணுக்குள் கேபிள், கிராமத்துக்குச் சேற்றில் கம்பம் என்ற பாகுபாட்டை எத்தனை காலம் பொறுப்பது?

எவன் உடல், எவன் பெயர்

இத்தனைக்கும் நடுவே, கம்பம் தூக்கிய கூட்டத்தில் பலருக்கு வாரியத்தின் வருகைப் பதிவேட்டில் பெயரே கிடையாது. அவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வருஷக்கணக்காகக் குழி தோண்டுகிறார்கள், கம்பம் நடுகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள், பியூஸ் கூடப் போடுகிறார்கள். 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி ஊதிய ஒப்பந்தம் ஏற்பட்டபோது ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 380 ரூபாய் என்று வாரியம் ஏற்றுக்கொண்டது. அந்த 380 ரூபாயைக் கையில் வாங்குவதற்கே பிறகும் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான் கஜா வந்தது. 2021-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்களை வாரியம் வேலைக்கு எடுத்தபோது, பல்லாண்டுகள் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளர் பலர் வெளியே நின்றார்கள்.

பெயர் இல்லாதவனுக்குக் கருவியும் இல்லை. அவனுக்கு இடுப்பு பெல்ட் யார் கணக்கில் வாங்குவது? வாரியம் கண்டிராக்டரைக் காட்டுகிறது. கண்டிராக்டர் டெண்டர் தொகையைக் காட்டுகிறார். அறுந்த கயிற்றின் விலையைக் கூலியில் பிடிக்கிற கண்டிராக்டர்களும் உண்டு. கயிறு அறுந்து ஆள் விழுந்தாலோ, 'அவன் நமது ஆள் அல்ல' என்ற பேச்சு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பமாகிவிடும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் விபத்து நேர்ந்தால் மின் ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும், காரணத்தை விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த விசாரணை 'தொழிலாளி எர்த் ராடு போடவில்லை' என்று எழுதி முடிந்துவிடக் கூடாது. அன்று காலை அந்தக் குழுவுக்கு எத்தனை ராடு கொடுக்கப்பட்டது, கொடுத்ததற்குக் கையெழுத்து எங்கே, எத்தனை கம்பம் முடிக்க வேண்டும் என்று யார் உத்தரவிட்டது என்ற கேள்விகளையும் அது கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். பெல்ட் இல்லாமல் ஏறுவதை ஆண்மை என்று பேசுகிற பழக்கம் நமது தோழர்களிடமே இருக்கிறது. அனுபவசாலி ஏறுவதைப் பார்த்துப் புதுப் பையனும் ஏறுகிறான். தேய்ந்த கொக்கியைக் கம்பி சுற்றிக் கட்டி ஒப்பேற்றுகிறவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். சங்கக் கூட்டங்களில் கூலிக்கும் போனசுக்கும் தீர்மானம் போட்ட அளவுக்குக் கயிற்றுக்கும் கப்பிக்கும் தீர்மானம் போட்டோமா? இல்லை. கேட்கத் தெரியாமல் இல்லை. கருவி என்பது நிர்வாகத்தின் விவகாரம், கூலிதான் நம்முடையது என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம். பஞ்சாலைத் தொழிலாளி இதில் ஒரு பாடம் கற்றுக் கொடுத்திருக்கிறான். 1932-இல் பைகாரா மின்சாரம் வந்தபிறகு கோவையில் ஆலைகள் பெருகின. அந்த ஆலைகளில், யந்திரத்துக்குள் பிட்டர் கை வைத்திருக்கும்போது வேறு ஒருவன் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தொழிலாளி தன் விரல்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டான். சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே கை வைக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. அந்தச் சாவி வேலை செய்கிறவன் பையில் இருக்க வேண்டும். மேஸ்திரியின் பையில் அல்ல. மின்கம்பி வேலையிலும் நாம் கேட்பது அந்தச் சாவியைத்தான்.

கருவி கெட்டால், குழுவில் மிக இளையவன் சொன்னாலும் வேலை நிற்க வேண்டும். நின்ற நேரத்துக்குக் கூலி குறையக் கூடாது. இதுதான் தலையாய கோரிக்கை. நின்றால் கூலி போகும் என்கிற வரை எந்தப் பாதுகாப்பு விதியும் சுவரில் தொங்கும் காகிதந்தான். கெட்ட கருவியை ஒதுக்கி, சிவப்புச் சாயம் அடித்து, குழுவின் நோட்டில் தேதியோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் காலையில் ஒருவன் ஒதுக்கிய கயிறு மாலையில் இன்னொரு குழுவிடம் போய்ச் சேரும். நோட்டில் எழுதியவனைப் பழிவாங்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கருவி, பெல்ட், கையுறை கொடுப்பது வாரியத்தின் நேரடிப் பொறுப்பாக வேண்டும். டெண்டரில் மிச்சம் பிடிக்கிற இனமாக இருக்கக் கூடாது. நிரந்தரமான வேலையை நிரந்தரத் தொழிலாளியைக் கொண்டு செய்ய வேண்டும். காலியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு, புயல் வந்ததும் ஊர் ஊராக ஆள் திரட்டுவது நிர்வாகமே அல்ல.

பணம் இல்லை என்பார்கள். வாரியம் நஷ்டத்தில் ஓடுகிறது என்பார்கள். எர்த் ராடு வாங்கியதால் நஷ்டம் வந்ததாக நாம் எங்கும் கேள்விப்படவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். மின் தொழிலாளர் சங்கமும், அந்தந்த ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும், பக்கத்தில் ஆலை இருந்தால் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். கோஷத்தோடு போக வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கிடங்கில் எத்தனை கம்பம், எத்தனை ஜோடி எர்த் ராடு, எத்தனை பெல்ட், கயிறு எத்தனை மீட்டர், கடைசியாகக் கப்பியைச் சோதித்தது எந்தத் தேதி என்று கேளுங்கள். அதிகாரி காட்டினால் நன்றி சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலின் ஒரு பிரதியை அலுவலகச் சுவரிலும் ஒரு பிரதியை ஊர்ச் சாவடியிலும் ஒட்டுங்கள். மூன்றாவது பிரதியை நமக்கு அனுப்புங்கள். வந்த பட்டியல்களை ஊர் பெயரோடு இந்தப் பத்திரிகையில் வெளியிடுகிறோம்.